தேதி சொல்லாத வரிசை

அமெரிக்க அரசின் 2022 செப்டம்பர் மாத விசா புல்லட்டினில், ஈபி-2 பிரிவில் இந்தியாவுக்கு நேரே 2014 டிசம்பர் 1 என்று போட்டிருந்தது. அந்தத் தேதிக்கு முன்பு கிரீன் கார்டு வரிசையில் இடம்பிடித்த இந்தியர்களுக்கு அட்டை வழங்கலாம் என்று அதற்குப் பொருள். அக்டோபர் புல்லட்டினில் அது 2012 ஏப்ரல் 1 ஆயிற்று. டிசம்பரில் 2011 அக்டோபர் 8. 2023 ஏப்ரலில் 2011 ஜனவரி 1. ஏழு மாதத்தில் வரிசை ஏறக்குறைய நான்கு ஆண்டு பின்னுக்குப் போய்விட்டது. செப்டம்பரில் கவுன்ட்டருக்கு அருகே வந்துவிட்டவர், எந்தத் தவறும் செய்யாமலே, ஏப்ரலில் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்றார்.

சென்னை மந்தைவெளியில் இந்தப் பட்டியலை மாதம் தவறாமல் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் அமெரிக்கா போவதற்காகப் பார்க்கிறவர்கள் அல்லர். வெங்கடகிருஷ்ணா சாலையிலும் திருவேங்கடம் தெருவிலும் நார்ட்டன் சாலையிலும், ஒரு காலத்தில் தனி வீடாக இருந்த மனைகளில் எழுந்த அடுக்ககங்களில், இருவர் மட்டுமாகவோ ஒருவர் தனியாகவோ வாழும் எழுபது வயதைக் கடந்த பெற்றோர்கள் அவர்கள். எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில், எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் மாமி அப்படி ஒருவர். அமாவாசையும் ஏகாதசியும் வட்டமிட்டிருக்கும் மாதக் காலண்டரில், ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு தேதி எழுதி வைத்திருக்கிறார். தாள்களைப் புரட்டிக்கொண்டே போனால் அந்தத் தேதி மூன்று மாதம் அசையாமல் நிற்பதும், பிறகு இரண்டு வாரம் நகர்வதும், மறுபடி நிற்பதும் தெரியும். கைப்பேசித் திரையைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டுவார். “இந்தியா காலம் எதுன்னு காட்டுங்கோ மாமா. சைனாவுக்குப் பக்கத்துல இருக்கறதுதானே?” ஒரு முறை கேட்டார்: “பையனோட டேட் 2016 மார்ச். நான் இருக்கறச்சே வந்துடுமா, சொல்லுங்கோ.”

அந்தக் கேள்விக்கு நாணயமான பதில் ஒன்று உண்டா என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பதிலாக இன்று ஊரில் உலவும் எண்கள் ஒருவருக்கும் உதவாதவை. பதில் சொல்ல வேண்டிய அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமோ சொல்லாமலே இருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போகும் பாதை நமக்கு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் இந்தியாவுக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு நூறு. 1965-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அந்தப் பழைய இன ஒதுக்கீட்டை ஒழித்தது. கிண்டி பொறியியல் கல்லூரியிலும் ஐ.ஐ.டி.யிலும் ஸ்டான்லியிலும் படித்துவிட்டு எழுபதுகளில் கிளம்பியவர்கள் அந்தச் சட்டத்தின் குழந்தைகள். வரிசை என்று ஒன்று இருந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தத் தலைமுறைச் சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும்தான் இன்று கல்யாண வீடுகளில் “எனக்கெல்லாம் சட்டுனு வந்ததே, இவனுக்கு மட்டும் என்ன?” என்று கேட்கிறார்கள். கேட்பதில் கெட்ட எண்ணமில்லை. ஆனால் அந்தக் கேள்வி பையனைக் குறைசொல்வதாக முடிகிறது. அவன் கெட்டிக்காரனா இல்லையா என்பதற்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தம் இல்லை.

சம்பந்தம் 1990-ல் வந்த சட்டத்தோடு. அதன்படி வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பதும் இந்தக் கணக்கிலேயே சேரும். அதில் 28.6 சதவீதம், அதாவது சுமார் 40,000, ஈபி-2 பிரிவுக்கு. முதுநிலைப் பட்டமோ அதற்கு ஈடான அனுபவமோ உள்ளவர்களுக்கான பிரிவு அது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அடுத்த விதி. நாற்பதாயிரத்தில் 7 சதவீதம் என்றால் சுமார் 2,800. ஒரு குடும்பத்துக்கு இரண்டு அட்டை என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஆயிரத்து நானூறு குடும்பம்தான். இன்னொரு பக்கம் எச்-1பி விசா ஆண்டுக்கு 85,000 புதிதாகக் கொடுக்கப்படுகிறது. ஒப்புதல்களில் பத்தில் ஏழு இந்தியர்களுக்குப் போகிறது. வேலைக்கு அழைக்கும் வாசலில் நாட்டுக் கணக்கு கிடையாது; தங்குவதற்கான வாசலில் உண்டு. தண்ணீர் லாரிக் காலத்துச் சென்னையை நினைத்துப் பார்க்கலாம்: ஐந்து வீடு உள்ள தெருவுக்கும் ஐந்நூறு வீடு உள்ள தெருவுக்கும் தெருவுக்கு இருபது குடம் என்று லாரிக்காரர் விதி போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இது. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் நூற்று நாற்பது கோடி பேர் உள்ள இந்தியாவுக்கும் உச்சவரம்பு ஒன்றே.

இந்த விதி பார்ப்பது பிறந்த நாட்டை, பாஸ்போர்ட்டை அல்ல. சென்னையில் பிறந்தவர் கனடாக் குடிமகன் ஆகிவிட்டாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். மனைவி குவைத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால், அவர் பிறந்த நாட்டின் கணக்கில் குடும்பம் முழுவதும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கூடப் படித்து, ஒரே கம்பெனியில், ஒரே ஆண்டில் விண்ணப்பித்த இரண்டு நண்பர்களில் ஒருவருக்கு அட்டை வந்து குடியுரிமையும் வந்துவிட, மற்றவர் இன்னும் விசா புதுப்பித்துக்கொண்டிருப்பதற்கு, மாமனார் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்பது காரணமாக இருக்கலாம்.

இனி அந்தப் பெரிய எண்களுக்கு வருவோம். 2018-ல் கேட்டோ ஆய்வு நிறுவனத்தின் டேவிட் பியர், ஈபி-2 பிரிவில் புதிதாகச் சேரும் இந்தியருக்கு 151 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டார். 2020-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுச் சேவை அதை 195 ஆண்டு என்றது; விதி மாறாவிட்டால் 2030-ல் வந்து சேருபவருக்கு 436 ஆண்டு என்றும் சொன்னது. 2023-ல் பியர் மறுபடி கணக்குப் போட்டு, ஈபி-2, ஈபி-3 இரண்டையும் சேர்த்து 134 ஆண்டு என்றார். இந்த எண்கள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் முன்பின் விவரம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பேரன் காலத்தில்கூட வராதாம் என்று ஒருவர் போடுவார். பதிலுக்குக் கைகூப்பும் படம் வரும்.

இந்த எண்கள் பொய்யல்ல. எளிய வகுத்தல்தான். 2020-ல் ஈபி-2 வரிசையில் நின்ற இந்தியர்கள், குடும்பத்தினரையும் சேர்த்து, சுமார் 5,68,000 பேர். ஆண்டுக்குக் கிடைப்பது மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வகுத்தால் 195 வந்துவிடும். ஆனால் இது அந்த ஆண்டில் வரிசையின் கடைசியில் போய் நிற்பவருக்கான கணக்கு. 2016-ல் இடம்பிடித்தவருக்கு இது பொருந்தாது. அவருக்கு முன்னால் நிற்பவர்கள் எவ்வளவோ குறைவு. வகுத்தல் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது: வரிசையிலிருந்து யாரும் விலக மாட்டார்கள் என்று. நிஜத்தில் விலகுகிறார்கள். சிலர் ஊர் திரும்புகிறார்கள், சிலர் கனடாவுக்குப் போகிறார்கள், சிலர் ஈபி-1 பிரிவுக்குத் தாவுகிறார்கள். ஒரே ஆள் ஈபி-2-விலும் ஈபி-3-யிலும் இரண்டு மனு போட்டிருப்பார். பட்டியலில் இரண்டு தலையாகத் தெரிவார். குழந்தைக்கு 21 வயதாகிவிட்டால் அதன் பெயர் தானாக உதிர்ந்துவிடும்.

சிலர் இறந்துபோகிறார்கள். வேலை அடிப்படை வரிசையில் நிற்பவர்களில் சுமார் 4,24,000 பேர் அட்டை வருவதற்குள் இறந்துவிடுவார்கள், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியர்கள் என்று 2023 ஆய்வில் பியர் மதிப்பிட்டார். ஒரு வரிசை எவ்வளவு சீக்கிரம் நகரும் என்று கணக்கிட அதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கழிக்க வேண்டியிருக்கிறது என்றால், அங்கே கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, அந்த வரிசை இருக்கலாமா என்று கேட்பதுதான் மனிதத்தன்மை.

சரி, புல்லட்டினையே வைத்து நகரும் வேகத்தைப் பார்ப்போம். 2022 அக்டோபரில் ஈபி-2 இந்தியத் தேதி 2012 ஏப்ரல் 1. 2025 அக்டோபரில் 2013 ஏப்ரல் 1. மூன்று ஆண்டில் ஒரே ஓர் ஆண்டு நகர்ந்திருக்கிறது. அந்த வேகத்தில் போனால் 2016 மார்ச் தேதிக்காரருக்கு 2034 வாக்கில் வரும். ஆனால் 2021 அக்டோபரில் 2011 செப்டம்பர் 1 என்றிருந்த தேதிதான் அடுத்த பதினொரு மாதத்தில் 2014 டிசம்பருக்கு ஓடியது. அந்த வேகம் மறுபடி வந்தால் ஓர் ஆண்டு போதும். ஒரே பட்டியல், ஒரே பிரிவு. எந்த ஆண்டை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஓர் ஆண்டா ஒன்பது ஆண்டா என்று விடை மாறுகிறது.

அந்த ஒரு வருட ஓட்டத்துக்குக் காரணம் கொரோனா. தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் குடும்ப உறவு அடிப்படையிலான விசாக்கள் பெரும்பகுதி கொடுக்கப்படாமல் போயின. சட்டப்படி அவை அடுத்த ஆண்டு வேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. 2022 நிதியாண்டில் வேலைப் பிரிவுக்குக் கிடைத்த இடம் வழக்கமான 1,40,000-க்குப் பதிலாக 2,81,000-ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டிலும் 2,62,000 இருந்தது. அதில் அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை, செப்டம்பர் 30-க்குள் கோப்புகளை முடிக்க முடியாமல், அலுவலகம் வீணடித்தது. அந்தத் தேதி தாண்டினால் எண் செத்துவிடும். அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போக முடியாது. லட்சக்கணக்கான பேர் காத்திருக்கும்போது அறுபத்தாறாயிரம் அட்டைகளைக் காலாவதியாக விட்டது எந்த விளக்கத்துக்கும் அடங்காத அநியாயம்.

ஏன் முன்னே போன தேதி பின்னே வருகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அதுவே மதிப்பீட்டின் வேரையும் காட்டுகிறது. வேலை தரும் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதலானதும் வரிசையில் இடம் உறுதியாகிறது. ஆனால் குடும்பத்தோடு கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் ஐ-485 படிவத்தைத் தேதி வந்தபிறகுதான் கொடுக்க முடியும். இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அவருக்குக் கல்யாணமாயிற்றா, எத்தனை குழந்தை, அவர் இன்னும் அமெரிக்காவில் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று அலுவலகத்துக்குத் தெரியாது. அதனால் நிதியாண்டு முடிவதற்குள் எண் வீணாகாமல் இருக்கத் தேதியை முன்னே தள்ளுகிறார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கிறார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் பின்னே இழுக்கிறார்கள். வரிசையின் நீளம் தெரியாமலே வரிசையை நடத்துகிறார்கள்.

இதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஐ-140 ஒப்புதல் பெற்ற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை, இன்னும் காத்திருக்கிறேன், குடும்பத்தில் இத்தனை பேர் என்று பதிவுசெய்யும் ஒரு பக்கம் போதும். குடும்ப உறவுப் பிரிவில் தூதரகங்கள் வழியே வருவோரின் காத்திருப்புப் பட்டியலை வெளியுறவுத் துறை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 நிலவரப்படி வெளியிட்டுத்தான் வருகிறது. வேலைப் பிரிவில் அமெரிக்காவிலேயே காத்திருப்போருக்கும் அதைச் செய்தால், தேதிவாரியாக எனக்கு முன்னால் இத்தனை தலை, சென்ற ஐந்தாண்டில் இந்த வரிசை நகர்ந்த மிகக் குறைந்த வேகம் இது, மிக அதிக வேகம் இது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடலாம். ஒற்றை எண் வேண்டாம். இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள் என்று இரண்டு எண் போதும். பெற்றோரும் பிள்ளைகளும் அதை வைத்து வாழ்க்கையைத் திட்டமிட்டுக்கொள்வார்கள்.

ஏனென்றால் எல்லாமே இந்தத் தேதியில் தொங்குகிறது. ஐ-140 ஒப்புதலாகியிருந்தால் எச்-1பி விசாவை ஆறு ஆண்டுக்குப் பிறகும் மும்மூன்று ஆண்டாக நீட்டித்துக்கொண்டே போகலாம் என்று 2000-ல் ஒரு சட்டம் வழிசெய்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். தற்காலிகம் என்று வந்தவர் இருபது ஆண்டு தற்காலிகமாகவே வாழ்வதற்கும் அதுவே வழிசெய்தது. வீடு வாங்கலாமா என்றால் தயக்கம். வேலை போனால் அறுபது நாளில் இன்னொரு வேலை தேட வேண்டும். கல்யாணப் பேச்சில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே “ஐ-140 அப்ரூவ் ஆயிடுத்தா?” என்று கேட்கிறார்கள், மேட்ரிமோனி விவரங்களில் நட்சத்திரம், கோத்திரத்துக்குக் கீழே அதுவும் ஏறிவிட்டது.

எல்லாவற்றையும்விட ‘ஸ்டாம்பிங்’. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருந்தால், ஊருக்கு வந்தவர் ஜெமினி மேம்பாலத்தடியில் உள்ள துணைத் தூதரகத்தில் மறுபடி முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைக்கும், கோப்பைக் கூடுதல் சரிபார்ப்பில் போட்டுவிடுவார்களா என்று தெரியாது. மாட்டிக்கொண்டால் வேலை, அங்கே பள்ளியில் படிக்கும் குழந்தை, வீட்டுக் கடன் எல்லாம் அந்தரத்தில். ஆகவே அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்ற போன் வந்ததும் பிள்ளை முதலில் பார்ப்பது விமான டிக்கெட்டை அல்ல, விசாவில் உள்ள தேதியை. ‘ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கோம், பயப்படாதே, இப்ப வராதே’ என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் தனியாக மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை இந்தப் பகுதியில் பார்க்கலாம். கைலாசபுரம் மயானத்தில் யாரோ ஒரு மருமகன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க, மகன் அங்கிருந்தபடி பார்த்த காரியங்கள் உண்டு. அந்த மகனைப் பாசமில்லாதவன் என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து பேசாமல் இருக்க வேண்டும்.

குழந்தைகள் கதை இன்னும் கொடியது. நான்கு வயதில் பெற்றோரோடு போன பெண், அங்கேயே பேச்சும் எழுத்தும் கற்று, 21 வயதாகும் அன்று, எச்-1பிக்காரர் குடும்பத்துக்கான எச்-4 தகுதியை இழக்கிறாள். அதற்குப் பிறகு வெளிநாட்டு மாணவியாக விசா வாங்கிப் படிக்க வேண்டும். அல்லது மொழியும் தெருவும் தெரியாத சென்னைக்குத் திரும்ப வேண்டும். வயதைக் கணக்கிடுவதில் சலுகை தர 2002-ல் ஒரு சட்டம் வந்தது. புல்லட்டினில் இருக்கும் இரண்டு பட்டியலில் எதை வைத்து அந்த வயதைக் கணக்கிடுவது என்பதை 2023 பிப்ரவரியில் ஒரு விதமாகவும், 2025 ஆகஸ்ட் 15 முதல் பழையபடி வேறு விதமாகவும் மாற்றினார்கள். எந்தப் பட்டியல் என்பதில் ஒரு பெண்ணின் ஊர் எது என்பது அடங்கியிருக்கிறது.

காத்திருப்பவர்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்துவிடவில்லை. 2007 ஜூலை மாதப் புல்லட்டின் எல்லா முக்கிய வேலைப் பிரிவுகளையும் திறந்துவிட்டது. பல ஆண்டு காத்திருந்தவர்கள் மருத்துவப் பரிசோதனை, பிறப்புச் சான்றிதழ் என்று ஓடி ஓடிக் கோப்பைத் தயார்செய்தார்கள். பிறப்புச் சான்றிதழுக்காக மாநகராட்சி அலுவலகத்துக்கும் நோட்டரியிடமும் அலைந்த அப்பாக்கள் மயிலாப்பூர்ப் பக்கம் அன்றைக்கு ஏராளம். ஜூலை 2 அன்று, எண்கள் தீர்ந்துவிட்டன, விண்ணப்பம் வாங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். இந்தியர்கள் ‘லகே ரஹோ முன்னாபாய்’ படத்தின் காந்திகிரியைக் கையிலெடுத்துக் குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலெஸுக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் அந்தப் பூக்களை வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இருந்த வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17 அன்று துறை இறங்கிவந்தது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. பூவுக்கு அசைந்த ஓர் அரசு அலுவலகம் என்று அதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் அப்போது விண்ணப்பித்தவர்களுக்கும் கிடைத்தது வேலை அனுமதியும் பயண அனுமதியும்தான். அட்டைக்கு அவர்களில் பலர் மேலும் பல ஆண்டு காத்திருந்தார்கள்.

வரிசையின் நீளத்தைக் குறைக்கச் சட்டம்தான் வேண்டும். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. 2020 டிசம்பர் 2 அன்று செனட் தன் வடிவத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்க நேரமில்லாமல் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தது. 2022 டிசம்பரில் இன்னொரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்து, வாக்கெடுக்காமலே திரும்பப் பெறப்பட்டது. வரம்பை மட்டும் நீக்கினால் போதுமா என்பதிலும் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். 1,40,000 என்ற மொத்தம் உயராவிட்டால், நமக்குக் குறையும் காத்திருப்பு பிலிப்பைன்ஸ் செவிலியின் தலையில் ஏறும். மொத்தத்தை உயர்த்தாத எந்தத் தீர்வும் பாதித் தீர்வு.

மற்ற நாடுகளும் இப்படி மாட்டிக்கொண்டதுண்டு. கனடா 2012-ல் ஒரே சட்டத்தில், 2008 பிப்ரவரி 27-க்கு முன் விண்ணப்பித்துத் தேங்கிக் கிடந்த சுமார் 2,80,000 பேரின் கோப்புகளை மூடிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரக்கமில்லாத செயல்தான். ஆனாலும் காத்திருந்தவருக்குப் பதில் கிடைத்தது. நியூசிலாந்து 2021 செப்டம்பர் இறுதியில் எதிர்வழி போனது: நாட்டுக்குள் வேலை செய்துகொண்டிருந்த சுமார் 1,65,000 பேருக்கு ஒரே தடவையில் நிரந்தரக் குடியிருப்பு என்று அறிவித்தது. அமெரிக்கா இரண்டையும் செய்யவில்லை. உள்ளேயும் விடாமல் இல்லையென்றும் சொல்லாமல், முப்பது வயதில் வந்தவரை ஐம்பது வயது வரை உழைக்க வைத்து வரி வாங்கிக்கொள்கிறது.

தமிழர்களுக்கு இது முதல் அனுபவம் அல்ல. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் மலையகத் தமிழர் 9,75,000 பேரை எண்ணாக வைத்துப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பேசிக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டில் முடிப்பதாகத் திட்டம். இந்தியாவுக்கு ஏழு பேர் கப்பல் ஏறினால் இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை கொடுக்கும் என்று விகிதமும் போட்டார்கள். மக்கள் எந்த நாட்டைக் கேட்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விண்ணப்பம் வாங்கிப் பார்த்தால், இலங்கையே வேண்டும் என்றவர்கள் ஒதுக்கிய மூன்று லட்சத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தியாவைக் கேட்டவர்கள் ஒதுக்கியதைவிடக் குறைவு. பதினைந்து ஆண்டு கடந்தது. 1984-ல் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலும் நின்றது. பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் புது வாழ்க்கை தொடங்க, அவர்களின் உடன்பிறந்தார் நுவரெலியாவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் லயன் வீடுகளில் இருந்தார்கள். 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியபிறகுதான் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வந்தது. முப்பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பை முடித்தது அந்தச் சட்டம்.

நம் மாநிலத்திலேயே 1983 முதல் வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருக்கிறார்கள். அந்த முகாம்களுக்கு 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினோம். அங்கே பிறந்து, அங்கே படித்து, பொறியியல் பட்டமும் வாங்கிய பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமை எந்த ஆண்டில் வரும் என்று எந்தப் புல்லட்டினிலும் போடுவதில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவும் இல்லை. அமெரிக்காவிடம் நாம் கேட்கும் நியாயத்தை மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் கொடுத்துவிட்டுக் கேட்டால் நம் குரலுக்கு எடை கூடும்.

கீழ்வீட்டு மாமிக்கு நான் சொன்னது இது: சட்டம் மாறாவிட்டால் இன்னும் எட்டுப் பத்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் 2022 மாதிரி ஒரு வருடம் வந்தால் அது லாபம், வரும் வரும் என்று இங்கே எந்தக் காரியத்தையும் தள்ளிப்போடாதீர்கள். கண் புரை அறுவை சிகிச்சையை, வீட்டை இரண்டாவது மாடியிலிருந்து லிஃப்ட் உள்ள இடத்துக்கு மாற்றுவதை, மகளுக்குப் பவர் எழுதிக்கொடுப்பதை இந்த வருடமே செய்யுங்கள். 2013, 2014 தேதிக்காரர்களின் பெற்றோருக்கு இதைவிட நம்பிக்கையாகச் சொல்லலாம். ஆனால் 2018-க்குப் பிறகு வரிசையில் சேர்ந்தவர்களுக்கு, இன்றைய சட்டத்தின்படி கிடைக்கக்கூடிய விடை ‘இல்லை’ என்பதே. யாரும் அதைக் கடிதமாக எழுதி அனுப்ப மாட்டார்கள். அதனால்தான் இளைஞர்கள் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொண்டு, குழந்தைக்குப் பத்து வயதாவதற்குள், திரும்புவதா, கனடாவா, அங்கேயே தற்காலிகமாக நீடிப்பதா என்று கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். எந்த முடிவாக இருந்தாலும் அதில் தோல்வி என்று ஒன்றும் இல்லை.

அப்படித் திரும்பி வருபவர்களுக்காக டெல்லி செய்யக்கூடிய ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. எச்-1பி-யில் வேலை செய்கிறவர் சம்பளத்திலிருந்து அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டிக்கு மாதாமாதம் பணம் போகிறது; பத்து ஆண்டு முழுதாகக் கட்டாமல் கிளம்பினால் ஓய்வூதியம் கிடையாது, கட்டியதும் திரும்பாது. ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், ஜப்பான், தென்கொரியா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டபோது, இரட்டைப் பங்களிப்பைத் தவிர்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்து வாங்கினோம். அமெரிக்காவோடு இல்லை. மத்திய அரசு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. வர்த்தகப் பேச்சில் பாதாமுக்கும் ஆப்பிளுக்கும் எத்தனை சதவீத வரி என்று மணிக்கணக்கில் பேசும் மேஜையில், ஏழு ஆண்டும் ஒன்பது ஆண்டும் உழைத்துக் கட்டிய இந்தப் பணத்தையும் முதல் வரியிலேயே வைக்க வேண்டும். இந்த வரிசையில் நிற்பவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணிசமானவர்கள். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைக் கேள்வியாக எழுப்பலாம்.